சுகாதார அமைச்சகத்தைக் கேள்வி கேட்கும் குழு: நாடாளுமன்ற நிலைக்குழு எவ்வாறு இயங்குகிறது?

2012ஆம் ஆண்டு மே 8 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட ஓர் அறிக்கை, நாம் மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரைகளுக்கு யார், எந்த அடிப்படையில் அனுமதி அளிக்கிறார்கள் என்பதைப் போட்டு உடைத்தது. 2008 ஜனவரி முதல் 2010 அக்டோபர் வரை 31 புதிய மருந்துகள், இந்திய நோயாளிகளிடம் பரிசோதிக்கப்படாமலேயே விற்பனைக்கு அனுமதி பெற்றிருந்தன என்று அது பதிவு செய்தது. இதை எழுதியது பத்திரிகையோ தன்னார்வ அமைப்போ நீதிமன்றமோ அல்ல. ஆளுங்கட்சியையும் எதிர்க்கட்சிகளையும் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒன்றாக அமர்ந்து, கோப்புகளை வரவழைத்துப் பார்த்து, அதிகாரிகளை விசாரித்து எழுதிய அறிக்கை அது.

அந்தக் குழுவின் பெயர் சுகாதாரம் மற்றும் குடும்பநலத் துறைசார் நாடாளுமன்ற நிலைக்குழு. மத்திய அரசின் பொதுச் சுகாதாரக் கொள்கையை நாடாளுமன்றம் கண்காணிக்கும் வழிகளுள் இதுவே முதன்மையானது. இக்குழுவுக்கு உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரம் எதுவும் இல்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு மருந்தைத் தடை செய்யவோ, ஓர் அதிகாரியை மாற்றவோ, ஒரு திட்டத்தின் நிதியை இன்னொரு திட்டத்துக்குத் திருப்பவோ அதனால் முடியாது. அமைச்சகத்தை எழுத்து வடிவில் பதில் சொல்ல வைப்பதும், அந்தப் பதிலை எல்லோரும் படிக்கும்படி அச்சேற்றுவதும், பதில் போதவில்லை என்றால் மறுபடியும் கேட்பதும் மட்டுமே அதன் கையில் இருக்கின்றன. அது எவ்வளவு தூரம் செல்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதைச் சில உண்மை நிகழ்வுகளின் வழியாகப் பார்க்கலாம்.

முதலில் அமைப்பு. 1989இல் வேளாண்மை, அறிவியல் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் ஆகிய மூன்றுக்கு மட்டும் தனிக் குழுக்கள் அமைக்கப்பட்டன. 1993 ஏப்ரலில் அது விரிவாகி, எல்லா அமைச்சகங்களையும் உள்ளடக்கிய 17 துறைசார் நிலைக்குழுக்கள் உருவாயின. 2004இல் எண்ணிக்கை 24 ஆனது. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் உறுப்பினர்களாக இருப்பார்கள். அமைச்சராக இருப்பவர் உறுப்பினராக முடியாது. சுகாதாரக் குழு, மாநிலங்களவைத் தலைவரின் பொறுப்பில் இயங்கும் எட்டுக் குழுக்களுள் ஒன்று. சுகாதார அமைச்சகத்தோடு, ஆயுர்வேதம், சித்தா போன்ற மரபு மருத்துவ முறைகளுக்கான ஆயுஷ் அமைச்சகமும் அதன் வரம்புக்குள் வருகிறது. எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர் தலைவராக இருப்பதும் இக்குழுவில் நடந்திருக்கிறது. மோடி அரசின் காலத்தில் சமாஜ்வாதி கட்சியின் ராம் கோபால் யாதவ் தலைமை வகித்ததை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

இப்படிப்பட்ட குழுக்கள் ஏன் தேவைப்பட்டன என்பதற்கு வரவுசெலவுத் திட்டக் கூட்டத்தொடரைப் பார்த்தாலே போதும். ஒவ்வோர் அமைச்சகமும் தனக்கு வேண்டிய தொகையை 'மானியக் கோரிக்கை' என்ற பெயரில் மக்களவையின் முன் வைக்கிறது. அவற்றுள் சில மட்டுமே அவையில் விவாதிக்கப்படுகின்றன. எஞ்சியவை கடைசி நாளன்று விவாதமே இன்றி ஒட்டுமொத்தமாக வாக்கெடுப்புக்கு விடப்படுகின்றன. சுகாதாரத் துறையின் கோரிக்கை விவாதமின்றி நிறைவேறிய ஆண்டுகள் உண்டு. நாடாளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டிருக்கும் இடைவெளியில் நிலைக்குழு அந்தக் கோரிக்கையை வரி வரியாகப் பார்க்கிறது: சென்ற ஆண்டு ஒதுக்கியதில் எவ்வளவு செலவாயிற்று, காசநோய்த் திட்டத்தில் பணம் ஏன் மீந்தது, புதிய எய்ம்ஸ் மருத்துவமனைகளில் எத்தனை பேராசிரியர் பணியிடங்கள் காலியாக உள்ளன என்பன போன்ற கேள்விகள் அங்கேதான் எழுகின்றன. ஆயினும் தொகையைக் குறைக்க வேண்டும் என்ற வெட்டுத் தீர்மானத்தை ஒத்த பரிந்துரையைக் குழு செய்யக் கூடாது என்பது விதி. மானியக் கோரிக்கை தவிர, அவைத் தலைவர்கள் அனுப்பும் மசோதாக்கள், ஆண்டறிக்கைகள், நீண்டகாலக் கொள்கை ஆவணங்கள் ஆகியவற்றையும் குழு ஆராய்கிறது. அமைச்சகத்தின் அன்றாட நிர்வாகத்தில் அது தலையிடுவதில்லை.

ஒரு பொருளை எடுத்துக்கொண்டதும் நடப்பது ஏறக்குறைய இவ்வாறு இருக்கும். குழுவின் செயலகம் அமைச்சகத்திடம் பின்னணிக் குறிப்பு கேட்கும்; அதைப் படித்துவிட்டு ஒரு வினாப் பட்டியலை அனுப்பும். பின்பு சுகாதாரச் செயலாளரும் மற்ற உயர் அதிகாரிகளும் நேரில் வந்து சாட்சியம் அளிப்பார்கள். வல்லுநர்கள், மருத்துவர் சங்கங்கள், நோயாளிகளின் சார்பில் பேசும் அமைப்புகள் ஆகியோரும் அழைக்கப்படலாம். அமைச்சர் வழக்கமாக வருவதில்லை. துறையைக் கைக்குள் வைத்திருக்கும் அதிகாரிகளே பதில் சொல்கிறார்கள். ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்கும் அதிகாரம் குழுவுக்கு உண்டு என்றாலும், நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ ஊறு என்று கருதினால் அரசு ஓர் ஆவணத்தைத் தர மறுக்கலாம்.

கூட்டங்கள் மூடிய அறைக்குள் நடக்கின்றன. பிரிட்டனில் சுகாதாரக் குழுவின் விசாரணைகள் பொதுமக்கள் பார்க்கும்படி ஒளிபரப்பாகும்போது, இங்கே கதவடைத்துப் பேச வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. கேமராவுக்காகப் பேச வேண்டிய கட்டாயம் இல்லாததால் கட்சி எல்லையைத் தாண்டி உறுப்பினர்கள் ஒத்துப்போகிறார்கள் என்பது இதற்குச் சொல்லப்படும் பதில். அதில் ஓரளவு உண்மை இருப்பதாகவே நான் கருதுகிறேன். அறிக்கைகள் பெரும்பாலும் ஒருமித்த கருத்தோடு வெளிவருவதும், உடன்படாத உறுப்பினர் தம் மறுப்புக் குறிப்பை இணைக்க வழியிருந்தும் அது அளவோடே பயன்படுத்தப்படுவதும் அதற்குச் சான்று. ஆனால் ஓர் அதிகாரி எந்தக் கேள்விக்குத் தடுமாறினார் என்பதை அறிக்கையில் அச்சான அளவுக்கே நாம் அறிய முடிகிறது என்பது இதன் விலை.

இனி 2012ஆம் ஆண்டு அறிக்கைக்கு வருவோம். குழுவின் 59ஆம் அறிக்கையான அது, மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் செயல்பாட்டை ஆராய்ந்தது. புதிய மருந்துகளுக்கு நாடு முழுவதற்குமான அனுமதியை வழங்குவது இந்த அமைப்புதான். குழு தற்செயலாகத் தேர்ந்த 42 மருந்துகளின் கோப்புகளைக் கேட்டது. அவற்றுள் மூன்று கோப்புகளைக் காணவில்லை என்ற பதில் வந்தது. கிடைத்த 39இல், 11 மருந்துகளுக்கு மூன்றாம் கட்டப் பரிசோதனை, அதாவது பெரும் எண்ணிக்கையிலான நோயாளிகளிடம் மருந்தைச் சோதிக்கும் கட்டம், நடத்தப்படவே இல்லை. 25 மருந்துகளுக்கு மருத்துவ வல்லுநர்களின் கருத்து பெறப்படவில்லை. கருத்து பெறப்பட்ட இடங்களிலோ நிலைமை இன்னும் விசித்திரமாக இருந்தது. வெவ்வேறு நகரங்களில் பணியாற்றும் மருத்துவர்கள் தனித்தனியாக எழுதியதாகச் சொல்லப்பட்ட பரிந்துரைக் கடிதங்கள் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தன. இவற்றை உண்மையில் எழுதியவை மருந்து நிறுவனங்களின் கண்ணுக்குத் தெரியாத கைகளே என்றும், வல்லுநர்கள் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்றும் குழு வெளிப்படையாகவே எழுதியது.

மருந்துத் தொழிலின் தேவைகளை நிறைவேற்றுவதை அந்த அமைப்பு தன் நோக்க அறிக்கையிலேயே முன்னால் வைத்திருந்ததைச் சுட்டி, ஒழுங்குமுறை அமைப்பின் முதல் கடமை நோயாளிக்கே என்றும் குழு கண்டித்தது. அதே வேளையில், 327 பணியிடங்கள் அனுமதிக்கப்பட்ட இடத்தில் 124 பேர் மட்டுமே பணியில் இருந்ததையும் அது குறித்தது. ஊழலைச் சொல்லும் அறிக்கைகள் ஆள்பற்றாக்குறையை மறந்துவிடுவது வழக்கம். இந்த அறிக்கை இரண்டையும் சேர்த்துப் பார்த்தது என்பதால்தான் இன்றும் அது மருந்துக் கொள்கை பற்றிய விவாதங்களில் மேற்கோளாகிறது.

சரி, அறிக்கை வெளிவந்த பிறகு என்ன நடக்கும்? செய்தித்தாள்கள் பெரும்பாலும் இங்கே நின்றுவிடுகின்றன, நிலைக்குழு நிற்பதில்லை. ஒவ்வொரு பரிந்துரைக்கும் அரசு மூன்று மாதங்களுக்குள் எழுத்து வடிவில் பதில் தர வேண்டும். அப்பதில்களைக் குழு நான்காகப் பிரிக்கிறது: அரசு ஏற்றுக்கொண்டவை, அரசின் விளக்கத்தைக் கேட்டபின் குழுவே கைவிட்டவை, அரசின் பதிலைக் குழு ஏற்காதவை, இறுதிப் பதில் இன்னும் வராதவை. இந்தப் பகுப்போடு 'எடுக்கப்பட்ட நடவடிக்கை' அறிக்கை என்ற பெயரில் இரண்டாவது அறிக்கை ஒன்று வெளியாகிறது. இவை தவிர, பரிந்துரைகள் எந்த நிலையில் உள்ளன என்பதை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அமைச்சர் அவையில் அறிக்கையாக வைக்க வேண்டும்.

முதல் அறிக்கையைவிட இந்த இரண்டாவது அறிக்கையையே புதிதாகப் படிக்கத் தொடங்குபவர் தேட வேண்டும் என்று சொல்வேன். மூன்றாவது வகையில் எத்தனை பரிந்துரைகள் விழுந்திருக்கின்றன என்று பார்த்தால், அமைச்சகம் எதில் பிடிவாதமாக இருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். 59ஆம் அறிக்கைக்கு அரசு அளித்த பதில்கள் 2013இல் 66ஆம் அறிக்கையாக வெளிவந்தன. பல பதில்களில் குழு நிறைவடையவில்லை. ஆயினும் அதற்குள் அழுத்தம் தன் வேலையைச் செய்யத் தொடங்கியிருந்தது. குழு பெயர் சொல்லிக் கேள்வி எழுப்பியிருந்த மனச்சோர்வு மருந்தான டீன்சிட், அதாவது ஃப்ளூபென்டிக்சால், மெலிட்ராசென் ஆகிய இரண்டும் சேர்ந்த கூட்டு மருந்து, 2013 ஜூனில் விற்பனையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டது. மத்திய அனுமதி பெறாத கூட்டு மருந்துகளுக்கு மாநில அதிகாரிகள் உற்பத்தி உரிமம் வழங்கிவந்ததை அறிக்கை வெளிச்சமிட்டதைத் தொடர்ந்து நீண்ட ஆய்வு நடந்தது. 2016 மார்ச்சில் 344 கூட்டு மருந்துகளை அரசு தடை செய்தது. நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன, தடை ரத்தானது, உச்ச நீதிமன்றம் மறு ஆய்வுக்கு அனுப்பியது, 2018 செப்டம்பரில் 328 மருந்துகள் மீண்டும் தடை செய்யப்பட்டன. ஒரு குழு அறிக்கைக்கும் மருந்துக்கடை அலமாரிக்கும் இடையே ஆறு ஆண்டுகள் கடந்திருக்கின்றன.

மசோதாக்களில் குழுவின் கை சற்று வேகமாகத் தெரியும். 2017 டிசம்பரில், மருத்துவக் கல்வியையும் மருத்துவத் தொழிலையும் ஒழுங்குபடுத்தும் தேசிய மருத்துவ ஆணைய மசோதா மக்களவையில் அறிமுகமாயிற்று. ஆயுஷ் மருத்துவர்கள் ஓர் இணைப்புப் படிப்பை முடித்துவிட்டு நவீன மருந்துகளையும் பரிந்துரைக்கலாம் என்ற அதன் பிரிவை எதிர்த்து மருத்துவர்கள் போராடினார்கள். மசோதா நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. 2018 மார்ச் 20 அன்று வந்த 109ஆம் அறிக்கை, அப்படிப்பைக் கட்டாய ஏற்பாடாக்கக் கூடாது என்றது. அடுத்த சில நாட்களிலேயே மத்திய அமைச்சரவை அந்தப் பிரிவை நீக்க ஒப்புக்கொண்டது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. மக்களவையின் காலம் முடிந்ததால் மசோதா காலாவதியாகி, 2019இல் புதிதாகக் கொண்டுவரப்பட்டது. இம்முறை அது குழுவுக்கு அனுப்பப்படவில்லை. சமூகச் சுகாதாரப் பணியாளர்களுக்கு வரம்புக்குட்பட்ட மருத்துவ உரிமம் அளிக்கும் 32ஆம் பிரிவு, அந்த வடிவில் எந்தக் குழுவின் ஆய்வுக்கும் உட்படாமலே சட்டமாயிற்று.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நெருக்கமான இன்னொரு அறிக்கை உண்டு. 2016 மார்ச் 8 அன்று வெளியான 92ஆம் அறிக்கை, அன்று மருத்துவக் கல்வியை ஒழுங்குபடுத்திவந்த இந்திய மருத்துவக் கவுன்சிலின் சீர்கேடுகளை விரிவாகப் பட்டியலிட்டது. இரண்டே மாதங்களில் உச்ச நீதிமன்றம் அதை மேற்கோள் காட்டி, முன்னாள் தலைமை நீதிபதி லோதா தலைமையில் ஒரு மேற்பார்வைக் குழுவை அமைத்தது. அதே அறிக்கையில்தான் மருத்துவப் படிப்புக்குப் பொது நுழைவுத் தேர்வு வேண்டும் என்ற பரிந்துரையும் இருந்தது. நீட் தேர்வை ஆதரிப்பவர்கள் இதைச் சுட்டிக்காட்டுவார்கள். ஆனால் அந்தப் பரிந்துரை அத்துடன் முடியவில்லை: தேர்வுக்கு வெளியே இருக்க விரும்பும் மாநிலங்களை விட்டுவிட்டு ஏனைய மாநிலங்களில் அதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்றும், அம்மாநிலங்கள் பின்னர் சேர விரும்பினால் வழி இருக்க வேண்டும் என்றும் குழு சொல்லியிருந்தது. அரசு முதல் பாதியை எடுத்துக்கொண்டது; 2016இல் சட்டம் திருத்தப்பட்டபோது இரண்டாம் பாதி அதில் நிரந்தர இடம் பெறவில்லை. பரிந்துரை கட்டுப்படுத்தாது என்பதன் நடைமுறைப் பொருள் இதுவே: அதை அரசு முழுவதும் ஏற்கலாம், முழுவதும் மறுக்கலாம், தனக்கு வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளவும் செய்யலாம்.

அமைச்சகம் தட்டிக்கழித்தாலும் அறிக்கைக்கு வேறொரு வாழ்வு அமைவதுண்டு. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், 10 முதல் 14 வயதுவரையிலான சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியைச் செலுத்தும் ஆய்வுத் திட்டம் ஒன்றை, பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் மாநில அரசுகளின் துணையோடு நடத்தியது. சிறுமிகள் ஏழு பேர் இறந்த செய்தி வெளியானதும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த இறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்றே அரசு அமைத்த விசாரணைக் குழு கண்டது. தடுப்பூசியின் பயனை இந்த விவகாரத்தைக் கொண்டு எடைபோடுவது தவறாகும். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஆந்திரத்தில் பார்வையிடப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948இல் கைநாட்டு இருந்தது. 2,763 படிவங்களில் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளரோ தலைமையாசிரியரோ கையெழுத்திட்டிருந்தனர். 2013 ஆகஸ்டில் வெளியான 72ஆம் அறிக்கையில் நிலைக்குழு இதையெல்லாம் எடுத்துக்காட்டி, பாத் நிறுவனத்தையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தையும் கடுமையாக விமர்சித்தது.

இந்த அறிக்கையை உச்ச நீதிமன்றத்தில் நடந்த பொதுநல வழக்கில் மனுதாரர்கள் ஆதாரமாகக் காட்டியபோது, நாடாளுமன்றச் சிறப்புரிமைக்கு உட்பட்ட ஆவணத்தை நீதிமன்றம் பார்க்கலாமா என்ற கேள்வி பிறந்தது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2018 மே 9 அன்று விடை சொன்னது. நிலைக்குழு அறிக்கையை நீதிமன்றம் கவனத்தில் எடுத்துக்கொள்ளலாம். அதன் செல்லுபடியைக் கேள்விக்குள்ளாக்க முடியாது. அதில் உள்ள, மறுக்கப்படும் ஒரு செய்தியை வழக்கில் நிறுவ வேண்டுமானால் தனிச் சான்று தேவை. ஆகவே, அமைச்சகம் ஒதுக்கிவைத்த ஓர் அறிக்கை நீதிமன்றத்தில் மறுபடியும் எழுந்து நிற்க முடியும்.

நிலைக்குழு மட்டுமே சுகாதாரத்தைக் கவனிப்பதாக எண்ண வேண்டாம். செலவான பணத்தைப் பின்னோக்கிப் பார்ப்பது, எதிர்க்கட்சி உறுப்பினர் தலைமை வகிக்கும் பொதுக் கணக்குக் குழு. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகள் அதன் முன் செல்கின்றன. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தில் ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் ஒரே கைபேசி எண்ணில் பதிவாகியிருந்ததை 2023இல் வெளிப்படுத்தியது அத்தகைய தணிக்கை அறிக்கைதான். சட்டத்தின் கீழ் அமைச்சகம் இயற்றும் விதிகளைப் பார்ப்பது சார்நிலைச் சட்டங்களுக்கான குழு.

இந்தக் கடைசிக் குழுவின் வரலாற்றில் கறுப்புப் பக்கம் ஒன்று உண்டு. புகையிலைப் பொட்டலத்தின் 85 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்ற விதி 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வரவிருந்தபோது, மக்களவையின் சார்நிலைச் சட்டக் குழு அதைத் தள்ளிவைக்கச் சொன்னது, அரசும் தள்ளிவைத்தது. புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதை நிறுவும் இந்திய ஆய்வு இல்லை என்று குழுத் தலைவரே பேசியதும், பீடித் தொழில் நடத்திவந்த ஒருவர் அதில் உறுப்பினராக இருந்ததும் பெரும் சர்ச்சையாயின. இறுதியில் 85 விழுக்காடு 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஓராண்டுத் தாமதமே தொழிலுக்குக் கிடைத்த ஆதாயம். நாடாளுமன்றக் குழு என்றாலே மக்கள் பக்கம் என்று முன்கூட்டியே முடிவு கட்டாமல், உறுப்பினர்களின் தொழில் நலன்களையும் பார்த்துப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

கொரோனா காலம் இக்குழுக்களின் வலிமையையும் மெலிவையும் ஒரே ஆண்டில் காட்டியது. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு தொடங்கியதும் கூட்டங்கள் நின்றன. கூட்டங்களின் இரகசியம் கெடும் என்று காணொலி வழியே கூடவும் அனுமதி மறுக்கப்பட்டது. ஜூலை வரை, கண்காணிப்பு மிகவும் தேவைப்பட்ட மாதங்களில், குழுக்கள் கூடவே இல்லை. பிறகு கூடிய சுகாதாரக் குழு, பெருந்தொற்று மேலாண்மை பற்றிய 123ஆம் அறிக்கையை 2020 நவம்பர் 21 அன்று அளித்தது. மருத்துவமனைகளின் தேவைக்கேற்ப ஆக்சிஜன் கிடைக்கும்படி போதிய உற்பத்தியை ஊக்குவிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ஐந்து மாதங்கள் கழித்து, இரண்டாம் அலையின்போது, தில்லி மருத்துவமனைகள் ஆக்சிஜன் கேட்டு நீதிமன்றத்துக்குப் போயின. அதே அறிக்கை விரிவான பொதுச் சுகாதாரச் சட்டம் ஒன்றையும் வலியுறுத்தியது. சென்னை மாகாணத்தில் 1939 முதலே அப்படியொரு சட்டம் இருப்பதை இங்கே நினைவுகூரலாம்.

குழுவின் எல்லைகளில் சில அதன் கையில் இல்லாதவை. மசோதாவைக் குழுவுக்கு அனுப்புவது கட்டாயம் அல்ல. பி.ஆர்.எஸ். ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 15ஆம் மக்களவைக் காலத்தில் (2009-14) 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களுக்குச் சென்றன. 17ஆம் மக்களவையில் (2019-24) அது 16 விழுக்காடாகச் சரிந்தது. குழுவின் காலம் ஓராண்டு மட்டுமே என்பதால், மருந்து ஒழுங்குமுறை போன்ற சிக்கலான பொருளை ஓர் உறுப்பினர் கற்றுத் தேறும் நேரத்தில் அவர் வேறு குழுவுக்கு மாற்றப்படலாம். மேலும் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசியல் சாசனப்படி மாநிலப் பட்டியலில் உள்ளவை. மாவட்ட மருத்துவமனையில் மருத்துவர் இல்லை என்றால் தில்லியில் உள்ள குழு மத்திய திட்டத்தின் பணத்தைப் பற்றியே கேட்க முடியும். மீதிக் கேள்வியைச் சட்டமன்றம்தான் கேட்க வேண்டும். கேரளச் சட்டமன்றத்தில் துறைவாரியான பொருட்குழுக்கள் மசோதாக்களையும் மானியக் கோரிக்கைகளையும் ஆராய்கின்றன. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு போன்றவை இருந்தாலும் அத்தகைய துறைசார் ஏற்பாடு இல்லை.

இவ்வளவையும் படித்தபின் ஓர் அறிக்கையை நேரடியாகப் பார்க்க விரும்புபவர், நாடாளுமன்ற இணையதளத்தில் மாநிலங்களவைக் குழுக்களின் பகுதியில் சுகாதாரக் குழுவைத் தேர்ந்தெடுக்கலாம். அறிக்கைகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் உள்ளன. தடித்த எழுத்தில் இருக்கும் பத்திகளே குழுவின் பரிந்துரைகள். கடைசியில் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள் இருக்கும். ஒரு மசோதா குழுவுக்குச் சென்றால், பொதுமக்களின் கருத்துரையைக் கேட்டுச் செய்தித்தாள்களில் விளம்பரம் வரும். மருத்துவர், செவிலியர், நோயாளி, யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். நேரில் சாட்சியம் அளிக்க விரும்பினால் அதையும் கடிதத்திலேயே குறிப்பிட வேண்டும். பெரும்பாலும் இரண்டு வார அளவிலேயே அவகாசம் தரப்படுகிறது. கருத்துரை ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்று கேட்பதே வழக்கமாக இருப்பதால், தமிழில் எழுதுபவர் மொழிபெயர்ப்புக்கும் அந்த நாட்களுக்குள்ளேயே இடம் ஒதுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.